பருத்தித்துறை டொக்டர்

12 ஒக்டோபர் 1996, சனி

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னபடிதான் நடந்தது. தங்கச்சியின் மகள் சுபா தாதி வேலைக்கு அமெரிக்காவில் அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன கிழமை முழுக்கத் தங்கச்சி மனோ, அனுப்பமாட்டேன் என்று அழுதாள். இங்கே பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. நான்தான் அந்த ஊரின் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். ஒருமுறை அங்கே பெற்றோல் அடிக்க நின்றவன் அல்லவா! மூன்று மாட்டோடு வந்த பாதிரியார் ஒருவர் உண்டாக்கிய ஊர், சனத்தொகையை எல்லைப் பலகையில் எழுதியிருப்பார்கள், குழந்தை பிறந்தால் மேயரே பெயின்ற் வாளியோடு வந்து திருத்துவார் என்றேன்.

"உந்தக் கதை கிடக்கட்டும் அண்ணை. அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஏன் இல்லை? பருத்தித்துறை டொக்டர் ஒருத்தர் குடும்பத்தோட இருக்கிறார்."

அதோடு அழுகை நின்றது.

இன்று பின்னேரம் சுபா போன் எடுத்தாள். மனோ முதலில் கேட்டதே டொக்டரைப் பற்றித்தான். பக்கத்தில் இருந்த நானும் ரிசீவரில் காதை வைத்தேன்.

"ஓம் அம்மா, அவை வீட்டிலதான் சாப்பிட்டனான். புட்டும் மீன்குழம்பும். மாமாவையும் சுகம் விசாரிச்சவை."

மனோ இங்கே எங்கள் வோபர்ன் பகுதியில் உள்ள சொந்தம் முழுவதற்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஒரு கிழமைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கும் பெரிய ஆறுதல். சுபா என்னைப்போலக் கெட்டிக்காரி. ஆனால் பிள்ளை இன்றைக்கு உண்மையில் என்ன சாப்பிட்டதோ தெரியாது. அந்த டொக்டர், மனோவின் அழுகையை நிறுத்த நான் அந்த இடத்திலேயே படைத்த ஆள்.