பந்தல் வரை ஒரு வெள்ளைக் கோடு

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நான்கு நாள். காலையில் தேரடித் தெருவில் நகராட்சி ஆட்கள் சாக்கடை ஓரமாக ப்ளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டேன். அந்த வாடை வந்தாலே உன் முகம் வந்துவிடுகிறது.

நாம் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாட்டு நலப்பணித் திட்ட முகாம் உன் ஊரிலேயே நடந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்தது. கிணறுகளுக்கு மருந்து போடுவதுதான் நம் வேலை. ஊர்க் கிணறுகள் முதலில், காலனிக் கிணறு கடைசி நாள் என்று முடிவு செய்தார்கள். நமக்குச் சோறு போட்டது ஊர்க்காரர்கள். அதனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலனியில் பிறந்த உன்னை ஊர்க் கிணற்றருகே விடவும் இல்லை. தூரத்தில் உட்கார்ந்து பக்கெட்டில் பவுடரைக் கரைத்துக் கொடுத்தாய்.

"நான் கரைச்சா மருந்து, நானே ஊத்துனா தீட்டு. இன்னா கணக்குடா இது?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

கடைசி நாள் நிறைவு விழா. யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்தது. வழியில் வரவேற்புக் கோடு போடச் சுண்ணாம்பு வந்து சேரவில்லை. "இருக்கிற பவுடரைப் போட்டு ரெண்டு பக்கமும் கோடு இழுத்துடுங்கப்பா, வெள்ளையா தெரிஞ்சா போதும்" என்றார் முகாமை நடத்திய பேராசிரியர். சாலைத் திருப்பத்திலிருந்து பந்தல் வரை நான்தான் இழுத்தேன்.

நீ பின்னாலேயே வந்தாய். "கோடு ஜோரா இருக்குதுடா. உனக்கு ரோடு வேலை நிச்சயம்." பிறகு குரலைத் தாழ்த்தினாய். "எங்க கெணத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைடா."

"நாளைக்கு பஞ்சாயத்து ஆபீஸ்ல பவுடர் வாங்கியாந்து போட்டுடலாம். அதுக்கு நான் ஆச்சு."

மூட்டை காலியானது. அந்தப் பெரிய மனிதர் ஜீப்பிலேயே பந்தல் வாசல் வரை வந்து இறங்கினார். டயர் கோட்டின் மேலேயே ஏறிப் போனது.

மறுநாள் அலுப்பில் தூங்கினேன். அதற்கு மறுநாள் சினிமாவுக்குப் போனேன். ஆபீஸ் பக்கம் போகவே இல்லை. ஐந்தாம் நாள் உன்னை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாய். பொழுது சாயும் முன் முடிந்துவிட்டது. அந்த வாரம் காலனியில் செத்தது நீ மட்டும் இல்லை.

இப்போது அந்த நலப்பணித் திட்டத்தை விரிவாக்கப் போகிறார்களாம். விருப்பமுள்ள மாணவர்கள் ஒரு வருடம் முழுக்கக் கிராமத்தில் தங்கலாமாம். நாளை கல்லூரியில் கூட்டம். பழைய தொண்டர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் நிறைய வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கிணறு முதலில் என்று சொல்லும் வாய் அதேதான். அது மாறாத வரை நூறு முகாம் போட்டாலும் பந்தல் வரைக்கும்தான் கோடு போகும்.

நீ போன பிறகு உன் பெயருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. நான்தான் எடுத்துப்போய் உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தடவித் தடவிப் பார்த்தார்.

"நம்ம கெணத்துக்கு மருந்து போட்டான்னு எழுதியிருக்காங்களா தம்பி?"

"ஆமாம்மா" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இத்தனை வருடமாக அந்த "ஆமா"வைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். கூட்டம் பத்து மணிக்கு. அதற்கு முன் முதல் பஸ் பிடித்து உன் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கோட்டைப் பற்றி மேடையில் சொல்லப்போவதை முதலில் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.