அளவுக்கு வைத்த கை

இன்று காலை என் கைபேசிக்கு உங்கள் கை வந்தது, அண்ணாச்சி.

முழங்கை வரை கரிசல் வெடிப்புக்குள் போன இடக்கை. மேலே அந்தத் தடுப்பூசித் தழும்பு. சீனாவில் ஆராய்ச்சி செய்யும் நம் பழைய மாணவி அனுப்பியிருந்தாள். "மேடம், இங்க எல்லாரும் இதத்தான் ஷேர் பண்ணுதாங்க. நம்ம லேப் அண்ணாச்சி கைதானே?"

கல்லூரியில் நான் புவியியல் ஆசிரியை, நீங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். இடைசெவல் பக்கம் மூன்று கோடைகளாக நில வெடிப்புகளை அளந்தோம். படத்தில் அளவு தெரிய ஒரு நாணயத்தை வைக்கப் போனேன். "உள்ள விழுந்துரும் மேடம். ஏங் கைய வைக்குதேன்" என்று குப்புறப் படுத்துவிட்டீர்கள். அப்படியே கிடந்து, "நிலம் மூச்சு விடுது மேடம்" என்றீர்கள். நான் சிரித்தேன்.

கட்டுரையை அனுப்பும்போது, "ஏம் பேரு அதுல வருமா மேடம்?" என்று கேட்டீர்கள்.

"அடுத்ததுல போட்டுருதேன் அண்ணாச்சி."

பட்டம் இல்லாதவர் பெயரைத் துறைத்தலைவர் ஏற்கமாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கோடைக்கு நீங்கள் உயிரோடு இல்லை.

நம் கட்டுரை எங்கும் பேசப்படவில்லை என்றுதான் ஆய்விதழின் இணையப் பக்கம் காட்டுகிறது. வெட்கமில்லாமல் தினமும் பார்ப்பேன். சீனாவில் கட்டுரையின் இணைப்பைக் கொடுக்காமல் படத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்களாம். அதெல்லாம் இந்தப் பக்கத்துக்குத் தெரியாதாம். தலைப்பு போயிற்று, என் பெயரும் போயிற்று. உங்கள் கை மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

படத்தின் கீழே எழுதியிருந்தவற்றை மாணவி மொழிபெயர்த்து அனுப்பினாள். "இவ்வளவு ஆழமா?" என்று பலர். "இது யார் கை?" என்று ஒருவர். "கையை வெளியே எடுத்துவிட்டாரா?" என்று இன்னொருவர். அதைப் படித்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் பிடித்து அந்தப் புஞ்சைக்குப் போனேன். அதே இடத்தில் நிலம் பிளந்திருந்தது. படுத்துக் கையை விட்டேன். உங்களுக்கு முழங்கையோடு அடி தட்டியது. எனக்குத் தோள் வரை போயும் தட்டவில்லை. இலைகூட அசையாத மதியம். உள்ளே என் விரல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய சூடு வந்தது, போனது, மறுபடி வந்தது. பயத்தில் கத்திவிட்டேன். அண்ணாச்சி என்று அல்ல. முதல் முறையாக உங்கள் பெயரைச் சொல்லி.

வரப்பில் உட்கார்ந்தே அந்தப் பெயரை இனிஷியலோடு மாணவிக்கு அனுப்பினேன். யார் கை என்று கேட்டவருக்குப் பதிலாக எழுதச் சொன்னேன். விட்டுப்போன கட்டுரையாசிரியர் பெயரைச் சேர்க்கச் சொல்லி இதழுக்கும் எழுதினேன்.

"போட்டுட்டேன் மேடம்" என்று அவளிடமிருந்து வந்துவிட்டது. இதழிலிருந்து இன்னும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவிவிட்டேன், அண்ணாச்சி. மண் போய்விட்டது. அந்தச் சூடு மட்டும் உள்ளங்கையில் வந்து வந்து போகிறது.