மிஷினுக்குத் தைத்த பாவாடை

2025 ஜூலை 14

ஆலங்குடியில் இன்று ஒரு வீடு முழுக்கக் காடி வெட்டினேன். வயர் பைப் பதிக்கச் சுவரை அறுத்தால் என்னையும் சேர்த்து வெள்ளையடித்த மாதிரிதான். வீட்டுக்கு வந்ததும் பிரகதி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கினேன். இறக்கிவிட்டபோது பிள்ளையின் நீல யூனிபாரத்தில், முதுகில், என் ஐந்து விரலும் வெள்ளையாக. இலக்கியா பிடித்துக்கொண்டாள். "குளிக்காமப் புள்ளையத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" உழைத்து வந்த புருஷனுக்கு வாசலிலேயே வரவேற்பு! இருமலும் விடவில்லை.

ஜூலை 17

புதுக்கோட்டையில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். தூசி படிய ஆரம்பித்திருக்கிறதாம். "தூசிய நிறுத்துங்க, இல்லாட்டி வேலைய நிறுத்துங்க" என்றார் டாக்டர். வேலையை நிறுத்தினால் சோறு யார் போடுவது? சுவர் அறுக்கும் இந்த மிஷினை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? பஸ்ஸில் இலக்கியா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இறங்கும்போது கேட்டாள்: "அந்தத் தூசி பிளேடுலேருந்து எந்தப் பக்கமாப் போகுது?"

ஜூலை 20

ஞாயிறு. தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு, என் கட்டிங் மிஷினை மேசையில் வைத்து டேப்பால் அளந்தாள். "இதுக்கு மூடி மாதிரி ஒண்ணு வந்துச்சே, எங்கங்க?" பிளேடை மூடுகிற காப்பு, கார்டைக் கேட்கிறாள். பெரிய பிளேடு மாட்டுவதற்காக வாங்கிய அன்றே கழற்றியது. இந்த லைனில் எல்லாரும் அப்படித்தான். அதில் நான் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்தேன். ஸ்க்ரூவையெல்லாம் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"இது இருந்தாத்தான் தூசிய உறிஞ்சுற ட்யூப மாட்ட முடியும்."

கார்டு போட்டால் சின்ன பிளேடுதான் ஓடும், ஆழம் பத்தாது என்றேன்.

"ரெண்டு ஓரத்த மட்டும் அறுங்க. நடுவுல இருக்கறத உளியால தட்டி எடுங்க. உளி எதுக்கு வச்சிருக்கீங்க, ஊறுகா போடவா?"

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

ஜூலை 27

அறந்தாங்கியில் அவளுடைய அக்கா ரஞ்சிதா வீட்டுப் பரணில், சகலை துபாயிலிருந்து கொண்டுவந்த வேக்கம் கிளீனர் பெட்டி பிரிக்காமல் கிடந்ததாம். விளக்குமாறு இருக்கும்போது அதை யார் தொடுவார்? கேட்டு வாங்கி வந்துவிட்டாள். இறுக்க மூடிய பெயிண்ட் வாளியில் தண்ணீர். கார்டிலிருந்து ட்யூப் வழியாக வரும் தூசி முதலில் அதில் இறங்கும். அப்புறம்தான் காற்று கிளீனருக்குப் போகும். கார்டைச் சுற்றி ரெக்சினில் சுருக்கம் வைத்து ஒரு பாவாடை. சுவரோடு ஒட்டி உட்காருகிறது. ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்கிறாள். எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 29

மேஸ்திரி ராக்கன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணே, மிஷினு வயசுக்கு வந்திருச்சா?" சைட்டே சிரித்தது. மாஸ்க்குக்குள் நானும் சிரித்தேன். மிஷினை ஓட்டியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. சுவர் அறுபடுகிறது, தூசியைக் காணோம்! வாளித் தண்ணீர்தான் மோர் மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 19

விராலிமலை. ஜன்னலுக்கு மேலே கான்கிரீட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கம்பி. பிளேடு அதைக் கடித்து, ஒரு பல் உடைந்து — டங்கென்று ஒரு சத்தம். மிஷின் கையை உதறியது. நிறுத்திப் பார்த்தால் கார்டின் உட்புறம் ஒரு குழி. அதற்கு நேரே என் கழுத்து. போன மாசம் அந்த எடத்துல என்னடா இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து.



வீட்டில் கார்டைக் காட்டினேன். குழியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "ரெக்சின் கிழிஞ்சிருச்சே. வேற தச்சுத் தாரேன்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். என் பொண்டாட்டி பெரிய ஆள். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 12

ராக்கன் வீட்டுக்கே வந்தான். "அண்ணி, எம் மிஷினுக்கும் ஒரு பாவாட தச்சுக் குடுங்க." அன்று சிரித்தவன்தான்.

"மொதல்ல கார்டக் கொண்டாங்க. மொட்ட மிஷினுக்கு நான் தைக்க மாட்டேன்" என்றாள்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் என் மிஷின். சந்தனத்தையும் குங்குமத்தையும் கார்டின் அந்தக் குழியில் வைத்தாள்.

அக்டோபர் 4

புதுப் படத்தையும் பழையதையும் சேர்த்துப் பார்த்தார் டாக்டர். "உள்ள இருக்கறது போகாது. ஆனா கூடல. இப்படியே வேலையப் பாருங்க."

அக்டோபர் 6

இன்று நாள் முழுக்கச் சுவர் அறுப்பு. வீட்டுக்கு வந்தேன். பிரகதி இன்னும் யூனிபாரம் மாற்றவில்லை. பழக்கத்தில் வாசலிலேயே நின்று, "குளிச்சிட்டு வாரேன்டா" என்றேன். இலக்கியா வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"தூக்கிக்கங்க" என்றாள்.

தூக்கினேன். இறக்கிவிட மனசே இல்லை. இறக்கியதும் பிள்ளையைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.