கொள்ளி வைத்த கை

செம்பூர்,
3-4-1964

மதினி ஆறுமுகத்தாய் அவர்களுக்கு, நம்பிராஜன் வணக்கத்துடன் எழுதுவது.

நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

கோமதிநாயகம் அண்ணன் போனதில் காலியான சட்டசபை சீட்டுக்கு அடுத்த மாதம் இடைத்தேர்தல். நான் சுயேச்சையாக நிற்கிறேன். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் நான். வேறு யாருக்கு உரிமை? நோட்டீசிலும், காரியத்தன்று மொட்டைத் தலையோடு எடுத்த படத்தையே போட்டிருக்கிறேன்.

நீங்கள் ஒருநாள் மேடையேறி, "எனக்குப் பிறகு தம்பிதான்" என்று ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னதாகச் சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் தாராவி சனம் நம்பும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்
நம்பிராஜன்

தாராவி,
7-4-1964

நம்பிராஜனுக்கு மதினி எழுதுவது.

நானும் என் மகள் இசக்கியும் நலமா என்று நீ கேட்கவில்லை. நலமில்லை.

போன தேர்தலில் உன் அண்ணனைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறி இறங்கியவன் நீ. அதற்குப் பிறகு அவர் உன் பேச்சையே எடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அவர் சொல்லாததை எந்த வாயால் சொல்வேன்?

கொள்ளிப் பெருமையும் வேண்டாம். குடத்தைத் தூக்க முதலில் வந்தவள் இசக்கி. பொம்பளைப் பிள்ளைக்கு உரிமையில்லை என்று அவளை உள்ளே தள்ளிவிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறுமுகத்தாய்

செம்பூர்,
20-4-1964

மதினிக்கு,

வாய்க்கொழுப்பை வாசித்தேன். நீங்கள் குடியிருக்கும் ரூம் அப்பா காலத்திலிருந்தே என் பெயரில் இருக்கிறது. அண்ணன் முகத்துக்காக விட்டுவைத்திருக்கிறேன். வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்?

ஞாயிறு சாயங்காலம் கூட்டம். டாக்சி அனுப்புகிறேன். வெள்ளைச் சேலையில் வாருங்கள்.

நம்பிராஜன்

தாராவி,
23-4-1964

நம்பிராஜனுக்கு,

வருகிறேன். டாக்சி வேண்டாம், நானும் இசக்கியும் நடந்தே வருவோம். வெள்ளை கட்ட மாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

ஆறுமுகத்தாய்

செம்பூர்,
27-4-1964

ஆறுமுகத்தாய்க்கு,

இனி நீ எனக்கு மதினி இல்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "கடைசியா அவுக தண்ணிதான் கேட்டாக. தம்பி பேரு அவுக வாயில வரவே இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாயே! கூட்டத்தில் சிரித்தார்கள். என் நோட்டீசை என் கண்முன்னாலேயே கிழித்தார்கள். இனி எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்?

இந்த வாரமே ரூமைக் காலி செய். இல்லாவிட்டால் சாமான் தெருவில் கிடக்கும்.

நம்பிராஜன்

உல்லாஸ்நகர்,
18-1-1965

நம்பிராஜனுக்கு,

எங்களை விரட்டிவிட்டவன், விலாசத்தைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறாய். அண்ணனுடைய வருஷத் திதியைத் தாராவியில் பந்தல் போட்டு நடத்தப் போகிறாயாம், நானும் வந்து உட்கார வேண்டுமாம். தோற்றது போதாதா? அடுத்த தேர்தலுக்கும் அவர்தான் வேண்டுமா உனக்கு?

நான் இங்கே ஒரு கடையில் சேலைக்கு ஓரம் அடிக்கிறேன். இசக்கிக்கும் வேலை கிடைத்துவிட்டது. இங்குள்ள ஐயரிடம் பேசினேன். முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு சரியென்றார். திதி கொடுக்கப்போவது இசக்கிதான்.

அவர் கடைசியாகக் கேட்டது தண்ணீர். எள்ளும் தண்ணீரும் அவர் மகள் கையால் போகட்டும். நீ செம்பூரிலேயே இரு.

ஆறுமுகத்தாய்
கோமதிநாயகத்தின் மனைவி