நீ பார்த்த எண்

காலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறிய ஷேர் ஆட்டோவில், பக்கத்துப் பெண்ணின் பையிலிருந்து, நீ ஊரிலிருந்து கொண்டுவருவாயே, அதே பூண்டு ஊறுகாய் வாசம் வந்தது. ஒரகடம் வரும்வரை நீதான் என் அருகில் உட்கார்ந்து வந்தாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் மூன்று வருடம் ஆகிறது. வல்லக்கோட்டையில் ஒரே வாடகை அறையில் இருந்தோம். நான் அரக்கோணத்துக்காரி, பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஜாவா எழுதினேன். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த நீ, அதே கம்பெனியின் அசெம்பிளி லைனில், உன் ஸ்டேஷனில் நின்று போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதித்தாய்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஒருநாள் சூப்பர்வைசர் உன்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினார்.

“ஒரு வாரமா உன் ஸ்டேஷன்ல எல்லாம் லூசா போயிருக்குது. நாளையிலேர்ந்து வர வேணாம்மா.”

நேராக என்னிடம் வந்தாய். “நான் பாத்த நம்பர் இது இல்லட்டி.”

அந்த ரிப்போர்ட்டைத் தயாரித்தது என் புரோகிராம். “மிஷின் பொய் சொல்லாதுடி” என்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நீ அழவில்லை. தினமும் எழுதிவைத்த குறிப்பு நோட்டை என் மேஜையில் விரித்தாய். “அப்ப இது என்னதுட்டி?”

லைன் மிஷின்கள் அனுப்பிய ஜேசன் (JSON) தரவுக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பதிவு, அதற்குள் ஸ்டேஷன்களின் பட்டியல், ஒவ்வொரு ஸ்டேஷனுக்குள்ளும் அளவுகள். பட்டியலில் நான்காவதாக இருப்பது நீதான் என்று எழுதிவைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம்தான் உனக்கு முன்னால் போல்ட்டை லேசாகப் பிடித்துவைக்க ஒரு புது ஸ்டேஷன் போட்டிருந்தார்கள். நீ ஐந்தாவதாகிவிட்டாய். என் புரோகிராமோ அந்தப் புது ஸ்டேஷனின் எண்ணை எடுத்து உன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தது.

இடத்தை எண்ணும் வரியை அழித்தேன். பட்டியல் முழுக்க ஒவ்வொன்றாகப் போய், பெயர் உன்னுடையதுதானா என்று பார்த்து, ஆமென்றால் மட்டும் உள்ளே இறங்கி அளவை எடுக்கும்படி மாற்றினேன். ஓடவிட்டேன். திரையிலிருந்து நான் படிக்கப் படிக்க, நோட்டில் விரல் வைத்து “ஆமா… ஆமா…” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். ஒரு வரிகூடப் பிசகவில்லை. கடைசி வரியில் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

ஷிஃப்ட் மாறும் நேரம், லைன் முழுக்க நிற்கும்போது நானே சொன்னேன்: “தப்பு இவ மேல இல்ல. என் புரோகிராம்லதான்.”

“சத்தமா சொல்லுட்டி, பின்னால நிக்கவளுக்குக் கேக்கல!” என்றாய்.

இன்னொரு முறை, தொண்டை கிழியச் சொன்னேன். லைனே கைதட்டியது. சூப்பர்வைசர் உன் முன்னால் வந்து, “மன்னிச்சுக்கம்மா, நாளைக்கு வந்துடு” என்றார். நீ தலையை நிமிர்த்தியே பஸ் ஏறினாய்.

இப்போது எனக்குக் கீழே எட்டுப் பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். எந்த ரிப்போர்ட் யாரைக் குற்றம் சொன்னாலும், கையெழுத்துப் போடும் முன் இறங்கிப் போய் அந்த ஆளிடமே கேட்கிறேன்: “நீங்க பாத்தது என்ன?”