பாட்டரி இல்லாத லேப்டாப்பும் என் கடைசிப் பரீட்சையும்

சித்தூர்,
ஜூலை 9, வியாழன்.

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா ஞானமணி முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் நைனாவும் சுகம், நைனாவின் முழங்கால் வலி மட்டும் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நீயும் லூதியானாவில் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் லேப்டாப் என்று நான் வாயைத் திறந்ததுமே, விடும்மா புதுசு அனுப்பறேன் என்று நீ பேச்சை முடித்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

புதுசு எனக்கு இப்போது உதவாது ஜெமி. வீட்டிலிருந்தே நெட்டில் எழுதுகிற என் வேதப் பரீட்சைக்கு இந்த மிஷினின் நம்பரைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள், மாற்ற வேண்டுமானால் ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை பதினெட்டாம் தேதி என் கடைசித் தாள், சபைச் சரித்திரம். ஐந்து வருஷக் கெடு அன்றோடு முடிகிறது, அன்றைக்கு உட்காராவிட்டால் பாஸான ஆறு தாளும் வீண். குடிபாலா சபைக்கு ஆயர் மாதம் ஒரு ஞாயிறுதான் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டிக் கிடக்கிறது. சர்டிபிகேட் இல்லாமல் பெண்பிள்ளையைப் பிரசங்க பீடத்தில் ஏற்ற முடியாது என்று கமிட்டி செயலாளர் பிலிப் சொன்னதும் உனக்குத் தெரியும். ஆனால் அங்கே இருக்கிற கங்கம்மாள் போன மாதமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எப்பம்மா வரப்போறீங்க, நாங்க பதினோரு குடும்பமும் பாத்துக்கினே கீறோம் என்றாள்.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான். டி.வி.க்கும் பிரிட்ஜுக்கும் பின்னல் உறை போட்டு வைத்திருக்கிறேன் அல்லவா, அதே மாதிரி இதற்கும் கம்பளி நூலில் ஒன்று பின்னினேன், எழுத்துகள் மட்டும் தெரிகிற மாதிரி விட்டு, அடியிலும் சுற்றியும் இறுக்கமாக. தூசு போகாது என்று பெருமை வேறு. பிரிட்ஜைப் போலத்தானே என்று சார்ஜரை ராப்பகலாக மாட்டியே வைத்தேன். ஏப்ரலில் சார்ஜ் முப்பத்தெட்டில் வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை. பிறகு சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்தது. பிளக்கை மாற்றினேன், வயரை அசைத்துப் பார்த்தேன், யூடியூபில் சொன்னபடி பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் விரல் வைத்துத் தேய்க்கிற இடம் மேலே எழும்பிக்கொண்டது. இங்கே ஒரு கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், போர்டு போயிந்தி, இனி ஆகாது என்று சொல்லி ஓரம் தள்ளினார். உன் நைனாவும், உடு ஞானம், இந்த வயசுல பரீட்ச எழுதி இன்னா பண்ணப்போற என்றார். அதுவரை கவலையாகத்தான் இருந்தது, அதைக் கேட்டதும் வீம்பு ஏறிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் திருப்பதிக்கே போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்ரீஹரி என்று ஒருவர் சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், நம்மைப் போலத் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். பொறுமையாக ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தார். உள்ளே பாட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. உறையைக் கையில் எடுத்துப் பார்த்து, இத்தினி நாளா போர்வ போத்திக்கினே வேல வாங்கிக்கினு இருந்தீங்களாம்மா, சூடு எப்டி வெளிய போவும் என்று சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதை வீட்டில் வைத்திருந்தால் தீப்பிடிக்கும் என்று பாட்டரியைக் கழற்றி மணல் வாளியில் போட்டார். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜர் மாட்டினால் பாட்டரி இல்லாமலே ஓடுகிறது. ஆனால் கரண்ட் கண் சிமிட்டினால் போதும், அணைந்துவிடும். புது பாட்டரி சென்னையிலிருந்து வர மூன்று வாரமாம். பரீட்சையிலோ இரண்டு நிமிஷம் தொடர்பு அறுந்தால் தாளை மூடிவிடுவார்கள்.

மறுநாள் கரண்ட் ஆபீஸில் போய் விசாரித்தேன். மரக்கிளை வெட்டுவதற்காகப் பதினெட்டாம் தேதி ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை நம் தெருவுக்குக் கரண்ட் கிடையாதாம். நேரே பிலிப்பிடம் போய் நம் கோயில் இன்வெர்ட்டரை மூன்று மணி நேரம் கேட்டேன், அது ஆராதனைக்கு மட்டும்தான் என்றார். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், எந்தக் குரலில் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நேற்று திரும்பவும் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீஹரி கடையில் பெரிய யூ.பி.எஸ். இருக்கிறது, இங்கயே வந்து எழுதுங்கம்மா என்றார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாதே என்றேன். அதுக்கின்னா, ஷட்டர பாதி எறக்கிட்டு நான் வெளிய வண்டி மேல ஒக்காந்துக்கறேன், வர்றவங்கள அப்பறம் வாங்கன்னு அனுப்பிடறேன் என்றார். சனிக்கிழமைதான் அவருக்கு வியாபாரமே. எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டேன், மெஷினு என் கையாண்ட வந்துச்சி, வேல முடியற வரைக்கும் என் பொறுப்புதானம்மா என்றார். சாமி படம் மாட்டின கடையில் வேதப் பரீட்சையா என்று நைனா இழுக்கிறார். சபைச் சரித்திரத்தில் குகையிலும் சிறையிலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், எனக்கு மின்விசிறியோடு கடையே கிடைத்திருக்கிறது என்றேன். இப்போது அன்றைக்குத் தானும் கூட வருகிறேன் என்கிறார்.

நீயும் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துக்கொண்டு படம் பார்க்காதே, பலகைமேல் வை. அந்தக் கம்பளி உறையைப் பிரித்து உனக்குக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், குளிர் வருவதற்குள் அனுப்புகிறேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. உன் கைபடுகிற நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பதினெட்டாம் தேதி காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எனக்குப் போன் செய்யாதே. கடையில் இன்டர்நெட் இல்லை, என் போனிலிருந்துதான் நெட் எடுக்க வேண்டும், கூப்பிட்டால் அறுந்துவிடும். செவ்வாய் சாயங்காலம் வீட்டில் மாதிரித் தாள் எழுதும்போது நீ கூப்பிட்டாய், நெட் போய்த் தாள் மூடிக்கொண்டது, அதைச் சொல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வீட்டை விட்டுப் போன ஏழு வருஷத்தில் கூப்பிடாதே என்று உன்னிடம் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. ஒரு மணி ஆனதும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ஞானமணி அசரியா