துண்டறிக்கையில் என் முழங்கை

செப்டம்பர் 14

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருடம் பொறுத்தாயிற்று. "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன். இனி முடியாது.

முன்னாள் படைவீரர்களுக்கான கிளினிக்கின் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். நவம்பர் கடைசியோடு மூடல். நகரத்து மருத்துவமனைக்குப் போய்க்கொள்ள வேண்டுமாம். நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேர ஓட்டம். ஜனவரிப் பனியில்?

அதே கிளினிக்கின் வாசலில் மேடை போட்டு, அதே கதவைக் கைகாட்டி, "நான் இருக்கும்வரை இந்தக் கதவு மூடாது" என்று சொன்னவர் இன்று நாட்டின் அதிபர். எதிர்க்கட்சி ஆள் இல்லை. நம்ம ஆள். என் பகுதியில் வீடு வீடாக ஏறி நான் ஓட்டுக் கேட்ட ஆள்.

செப்டம்பர் 16

பக்கத்து வீட்டு டுவேன் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தான். நாலு தள்ளு தள்ளுவான், நிற்பான், மூச்சு வாங்குவான், மறுபடி தள்ளுவான். பாலைவனப் போரில் எரிந்த எண்ணெய்க் கிணறுகளின் புகையைக் குடித்த நுரையீரல். வாரம் ஒருமுறை கிளினிக்கில் மருந்துப்புகை பிடித்தால்தான் அடுத்த வாரம் ஓடும்.

கை காட்டினான். நானும் காட்டினேன்.

செப்டம்பர் 19

டுவேனை அந்த மேடையில் ஏற்றியது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் பிரசாரக் குழுவிலிருந்து காதில் கருவி மாட்டிய ஒரு பெண் வந்தாள். "டிவியில தலைவருக்குப் பின்னாடி தெரியற மாதிரி உள்ளூர் படைவீரர் ஒருத்தர் வேணும் சார்" என்றாள். நான் நேராக டுவேன் வீட்டுக்குப் போனேன்.

"நான் எதுக்கு வாத்தியாரே?" என்றான் அவன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பதால் நான் அவனுக்கு வாத்தியார். "சந்தையில நிக்கவைக்க நான் என்ன கன்னுக்குட்டியா?"

"உனக்காகத்தான்டா. கிளினிக்குக்காக" என்றேன்.

வந்து நின்றான். தொப்பியைத் துலக்கிப் போட்டுக்கொண்டு, வெயிலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நான் அவன் பக்கத்தில்.

செப்டம்பர் 23

கெயில் தன் காரில் இருந்து ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனாள். மாவட்டக் கட்சித் தலைவி. அந்தப் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது. அது வேறு கதை, மறந்துவிடவில்லை. பெட்டி நிறைய, நவம்பரில் நிற்கும் நம் நாடாளுமன்ற வேட்பாளருக்கான துண்டறிக்கைகள். என் பகுதியில் நான் கொடுக்க வேண்டியவை.

பிரித்தேன். முதல் பக்கம் முழுக்க அந்த மேடைப் படம். கிளினிக் கதவை நோக்கிக் கை நீட்டியிருக்கும் அதிபர், அவர் தோளுக்குப் பின்னால் டுவேன். டுவேனுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஒரு முழங்கை.

அது என் முழங்கை. மீதியை வெட்டிவிட்டார்கள்.

மேலே கொட்டை எழுத்தில்: "சொன்னார். செய்தார்."

என்னய்யா செய்தார்? என்ன செய்தார்?

உடனே கெயிலைக் கூப்பிட்டேன்.

"அந்த கிளினிக்கை மூடறாங்க. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அச்சுக்குப் போனப்போ தெரியாது எல்டன்."

"இப்ப தெரியும்ல? தூக்கிக் குப்பையில போடுங்க."

"மாநில அலுவலகத்துலேருந்து வந்தது. நான் எப்படிப் போடுவேன்? தேர்தல் வாசல்ல நிக்குது. இப்பப் போய் அந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தீனி போடுவீங்களா?"

"டுவேனோட மூஞ்சி அதுல இருக்கு!"

அவள் கேட்டாள்: "இது டுவேனுக்காக வந்த கோவமா, இல்ல என் மேல பழைய கோவமா?"

இரண்டும் இருக்கிறது. ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடுமா?

செப்டம்பர் 27

கட்சியின் மிளகாய்க் குழம்பு விருந்து, படைவீரர் மன்றக் கூடத்தில். போகக்கூடாது என்றிருந்தேன், போனேன்.

கழிவறையில் டிராக்டர் விற்கும் ரோஜர் கை கழுவிக்கொண்டே என் காதில், "நம்மள நல்லா ஏமாத்திட்டான்யா அந்த ஆளு" என்றான். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான், சத்தம் வெளியே போகாமல் இருக்க. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையே சொன்னார், அவர் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்.

வெளியே வந்தோம். கெயில் ஒலிபெருக்கியில், "நம்ம அதிபருக்கு ஒரு பெரிய கைதட்டு!" என்றாள். ரோஜர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

"என்ன ரோஜர், அதுக்குள்ள மனசு மாறிடுச்சா?"

"அது பாத்ரூம் பேச்சு எல்டன்" என்றான், குழம்பில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டே. "இது வேற."

இதுதான் எங்கள் கட்சி. கழிவறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று.

அக்டோபர் 3

வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்வதற்கென்ன. மேடை, வாக்குறுதி, டுவேனின் நுரையீரல், அவன் ராத்திரியில் தூங்கும்போது பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் இருக்கிறது. கீழே என் முழுப் பெயர். இருபத்தைந்து வருடக் கட்சிக்காரன் என்றும் போட்டேன். கெயில் காலைக் காபியோடு படிக்கட்டும்.

மார்லிஸிடம் நீட்டினேன். என் மனைவி எதையும் இரண்டு முறை படிப்பாள்.

"டுவேன்கிட்டக் கேட்டியா?"

"எதுக்கு? அவனுக்காகத்தானே எழுதறேன்."

"அன்னிக்கு மேடைக்குக் கூப்பிட்டப்பவும் இதையேதான் சொன்னே."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்டோபர் 8

கிளினிக்கின் நுரையீரல் டாக்டர் இப்போதே போய்விட்டார். டுவேனின் வண்டி நகரம்வரை தாங்காது. நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போனேன்.

துண்டறிக்கையைப் பார்த்துவிட்டானாம். "மூக்கு நல்லா விழுந்திருக்கு" என்றான்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கடிதத்தைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"என் சிலிண்டர் எதுக்கு இதுல?"

"உண்மைதானே?"

"உண்மைதான். என்னோடது."

"அந்த ஆள் உன் கழுத்தறுத்திருக்கான் டுவேன்! நவம்பர்ல என்ன பண்ணப்போறே? யாருக்குக் குத்துவே?"

"நம்ம கட்சிக்குத்தான். பின்னே, அந்தப் பக்கமா போகச் சொல்றே?"

கத்தினேன். காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை அடித்து, பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன். உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று கேட்டேன். பெட்ரோல் போட வந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

முடியும்வரை காத்திருந்தான்.

"நீ கத்து வாத்தியாரே. உனக்கு மூச்சு இருக்கு."

வண்டி கிளம்பிய பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு தடவை என்னை மேடை ஏத்தினே. போதும். மறுபடி ஏத்தாதே."

"சரி, உன் பேரை எடுத்துடறேன். என் பேர் மட்டும் இருக்கட்டும்."

"உன் பேரைப் போட்டா என் பேரையும் போட்ட மாதிரிதான். நீ யாருக்காக ஆடறேன்னு ஊருக்கே தெரியும்."

திரும்பி வரும்போது முழுக்கத் தூங்கினான். ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது.

அக்டோபர் 9

எனக்கு யார் மேல் கோபம் என்று இன்று காலையிலிருந்து தெரியவில்லை. எல்லார் மேலும்.

அக்டோபர் 13

கெயில் கூப்பிட்டாள். "பெட்டி இன்னும் உங்க கராஜ்லதான் இருக்காமே?"

"இருக்கு."

"அப்ப ராஜினாமான்னு எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம்.

டுவேனுக்காகப் பெயரில்லாமல் எழுதினால் கெயிலுக்கு எப்படித் தெரியும், சொன்னது நான்தான் என்று? மேடையில் நின்றும் துண்டறிக்கையில் நான் இல்லை, இப்போது என் சொந்தக் கோபத்திலும் நான் இருக்கக்கூடாதா? சுடுகிறது. இன்னும் சுடுகிறது.

ஆனால் நேற்று டுவேன் தபால்பெட்டிவரை நடந்தான். பாதியில் என் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்டோபர் 17

பத்திரிகை பெயரில்லாத கடிதத்தைப் போடாது. மளிகைக்கடை அறிவிப்புப் பலகை இருக்கிறது. பூனைக்குட்டி இலவசம், பழைய பனிவாரி இயந்திரம் விற்பனைக்கு என்று ஒட்டியிருக்கும் பலகை. ஊரே அங்கேதான் நின்று படிக்கிறது.

பெயரை எடுத்த கடிதத்தை மார்லிஸ் படித்துவிட்டுச் சிரித்தாள். "இந்த ஊர்ல இவ்வளவு நீளமா வாக்கியம் எழுதறவன் நீ ஒருத்தன்தான். பேர் போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு."

கிழித்துப் போட்டேன்.

கராஜுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்தேன். மார்லிஸின் தையல் கத்தரிக்கோல். முதலில் டுவேனை வெட்டி எடுத்தேன், தொப்பி, தோள், எல்லாம். ஓரத்தில் என் முழங்கை மிஞ்சியது. நீலக் கட்டம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதையும் வெட்டினேன். இந்த முறை வெட்டியது நான்.

மிச்சம் இருப்பது அதிபர், நீட்டிய கை, கிளினிக் கதவு, "சொன்னார். செய்தார்." கீழே அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினேன், என் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல். அதற்குக் கீழே கதவு மூடும் தேதி.

நாளை கடை திறந்ததும் ஒட்டிவிடுவேன். பெயர் இல்லை. பிறகு டுவேனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும்.